ஏற்காட்டுத் திருப்பலியில் (கத்தோலிக்கரின் பூசை வழிபாட்டில்) ஆரத்தி எடுத்தால் சில கத்தோலிக்கர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

ஆரத்தி திருட்டுத்தனமாக நுழைந்தது அல்ல. 1969இல் ரோமாபுரி (கத்தோலிக்கத் தலைமை) இந்தியத் திருச்சபைக்கு 12 மாற்றங்களை அனுமதித்தது: தரையில் அமர்வது, முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, குத்துவிளக்கு, ஆரத்தி முதலியவை. 'ஓம்' அந்தப் பட்டியலில் இல்லை. சில இடங்களில் அதையும் சேர்த்ததுதான் சண்டையைப் பெரிதாக்கியது.

மரபுவாதிகளின் வாதம் இதுதான்: திருப்பலி என்பது கல்வாரிப் பலி, அதாவது இயேசுவின் சிலுவைப் பலி; செபிக்கும் விதமே நம்பிக்கையையும் வடிவமைக்கும். கோயிலில் தெய்வத்துக்குச் செய்வதைப் பீடத்துக்குக் கொண்டுவந்தால், எல்லாம் ஒன்றுதான் என்று சாமானிய விசுவாசி நினைத்துவிடுவார். நற்கருணைக்கு (இயேசுவின் உடலாக அவர்கள் நம்பும் அப்பத்துக்கு) முன் முழங்காலிடாததை அவர்கள் இன்னும் பெரிய குறையாகப் பார்க்கிறார்கள்.

சரி, சேலத்துக்கும் வந்த 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தவர்தானே? ஆனால் அவர் மாற்றியது உடையும் வாழ்க்கை முறையும். திருப்பலி லத்தீனில்தான் நடந்தது. அதற்குப் பிறகும் ரோமாபுரி கோடு போட்டுக்கொண்டே இருந்தது. 1704இல் புதுச்சேரியில் வந்த திருத்தந்தையின் தூதரின் ஆணை பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் தடுத்தது, தாலியையே அல்ல. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிசெய்தார்.

எனக்கு மரபுவாதிகளின் 'ஓம்' எதிர்ப்பு புரிகிறது. குத்துவிளக்கு எதிர்ப்பு அவ்வளவாகப் புரியவில்லை. அப்புறம், இவை மேல்சாதிச் சடங்குகள் என்று தலித் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்ப்பது முற்றிலும் வேறு வழக்கு.