அயர்லாந்துக்கு இரண்டு பாட்டு, நமக்கு ஏன் வாய்ப்பூட்டு?

கேள்வி: சனிக்கிழமை இரவுகளில் நண்பர் ஒருவரின் வீட்டில் கூடி சர்வதேச றக்பி பார்ப்பது எங்கள் வழக்கம். அயர்லாந்தும் இங்கிலாந்தும் டப்ளினில் மோதிய அன்று, ஆட்டத்துக்கு முன் அயர்லாந்துக்காக இரண்டு பாட்டுகள் ஒலித்தன. ஏன் என்று ஒரு பொடியன் கேட்க, கதை பெல்பாஸ்ட், மண்டேலா, நியூசிலாந்து என்று ஊர் சுற்றிவிட்டு, எங்கள் தேசிய கீதத்தைத் தமிழில் பாடும் விவகாரத்தில் வந்து நின்றது. எங்களில் மூத்தவர், 'விளையாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதேங்கோ' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். பிறகு வரவேயில்லை. அவர் சொன்னது சரியா? இன்னொன்று: தமிழருக்கு றக்பியோடு என்ன சொந்தம் என்று என் மனைவி கேட்கிறா. அவவுக்கும் ஒரு பதில் தாருங்கள்.
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் மூத்தவர் எழும்பிய நேரத்தைக் கவனியுங்கள். பெல்பாஸ்டைக் கதைத்தபோது இருந்தார். மண்டேலாவைக் கதைத்தபோதும் இருந்தார்; தானும் நாலு வார்த்தை சேர்த்திருப்பார். பேச்சு கொழும்புக்கு வந்து இறங்கியதும்தான் விளையாட்டின் புனிதம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அரசியல் வேண்டாம் என்றா சொன்னார்? உள்ளூர் அரசியல் வேண்டாம் என்றார். இரண்டும் ஒன்றல்ல.

பொடியன் கேட்டதற்கு உருப்படியான விடை கிடைத்ததோ தெரியாது, ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1920களின் தொடக்கத்தில் அயர்லாந்து இரண்டானது. வடக்கு பிரித்தானியாவோடு நின்றது, தெற்கு தனி வழி போனது. உதைபந்தாட்டத்தில் இரண்டு அணிகள் உருவாகின. றக்பி சங்கம் மட்டும் பிரிய மறுத்துவிட்டது. அதனால் வந்த சங்கடத்தைப் பாருங்கள். பிரித்தானிய முடிக்கு விசுவாசமான வீட்டில் வளர்ந்த பெல்பாஸ்ட்காரர் ஒருவர் பச்சை ஜேர்சி போட்டு, தெற்குக் கத்தோலிக்கர் ஒருவரின் தோளில் கை போட்டு நிற்கிறார். டப்ளின் மைதானத்தில் ஒலிப்பதோ அந்த முடிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர்களின் பாட்டு. பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியப் பாட, இவர் வாய் திறக்காமல் நேரே பார்த்துக்கொண்டு நிற்பார். வெளிநாட்டு ஆட்டங்களில் அந்தப் பாட்டும் கிடையாது.

1987 ஏப்ரலில், முதலாவது உலகக் கிண்ணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், வடக்கிலிருந்து டப்ளினுக்குப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த மூன்று வீரர்களின் கார், வடக்கில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த ஆயுதக்குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் மாட்டியது. குறி அவர்களல்ல, அந்தப் பாதையில் வந்த ஒரு நீதிபதி. நீதிபதியும் மனைவியும் இறந்துபோனார்கள். நைஜல் கார் என்ற வீரருக்கு அதோடு றக்பி முடிந்தது. இந்த நிலையில் எந்தப் பாட்டைப் போடுவது? உலகக் கிண்ணத்தில் ஒரு பழைய காதல் பாட்டின் ஒலிநாடாவைப் போட்டுச் சமாளித்தார்கள். கேட்டவர்கள் நெளிந்தார்கள். கடைசியில் 1995இல் டெரி நகரத்து இசையமைப்பாளர் ஃபில் கூல்டரைக் கொண்டு, வடக்கும் தெற்குமாக அயர்லாந்தின் நான்கு மாகாணத்தாரும் பாடக்கூடிய ஒரு பொதுப்பாட்டை எழுதுவித்தார்கள். அன்றிலிருந்து டப்ளினில் இரண்டும் ஒலிக்கும், வெளியூரில் பொதுப்பாட்டு மட்டும். பாட்டு ஒன்றும் பெரிய காவியமில்லை, அயர்லாந்துக்காரர்களே அதைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் வாய் திறக்காமல் நின்றவர் இப்போது பாடுகிறார்.

2007 பெப்ரவரி 24ஐயும் பொடியனுக்குச் சொல்லுங்கள். வழக்கமான மைதானம் இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் இங்கிலாந்துடனான ஆட்டம் குரோக் பார்க்குக்குப் போனது. 1920 நவம்பர் 21 அன்று பிரித்தானியப் படையினர் புகுந்து சுட்டு, 14 பேர் மாண்ட அதே மைதானம். அங்கே இங்கிலாந்து அரச கீதம் ஒலிக்கப் போகிறது என்று நாடே வாரக்கணக்கில் சண்டை பிடித்தது. அன்று கூட்டம் அந்தக் கீதத்தை மரியாதையாகக் கேட்டு முடித்தது. அதன் பிறகு இங்கிலாந்தை 43–13 என்று துவைத்து எடுத்தார்கள். இந்தக் கதையைக் கழித்துவிட்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தால் என்ன மிஞ்சும்? முப்பது பேர் புல்லில் புரளுவது மிஞ்சும்.

நம்முடைய விவகாரத்துக்கு இவ்வளவு வில்லங்கம்கூட இல்லை. புதுப் பாட்டு தேவையில்லை, மெட்டும் அதேதான். மு. நல்லதம்பியின் தமிழ் வரிகள் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே அச்சாகியிருக்கின்றன. 2016இல் சுதந்திர தின விழாவில் பாடினார்கள், வானம் இடிந்து விழவில்லை. 2020இல் நிறுத்தினார்கள், சில ஆண்டுகளில் திரும்பவும் பாடினார்கள். அயர்லாந்தின் இரண்டு பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தமிழ்ப் பொடியனுக்கு இது ஞாபகம் வராமல் வேறு என்ன ஞாபகம் வரும்?

சரி, உங்கள் மூத்தவரின் அந்த வசனத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது, அதுவும் றக்பியில்தான். நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மயோரி வீரர்களை 1960 வரை தென்னாபிரிக்கச் சுற்றுப்பயணங்களுக்குக் கூட்டிப் போகவில்லை. அங்கே நிறவெறி ஆட்சி, வெள்ளையரல்லாதவர் வரக்கூடாது. 1970இல் 'கௌரவ வெள்ளையர்' என்ற பட்டத்தோடு அனுப்பினார்கள். 1976இல், தென்னாபிரிக்காவின் சொவெட்டோவில் கறுப்பினப் பிள்ளைகள் சுடப்பட்ட சூடு ஆறும் முன்னரே நியூசிலாந்து அணி அங்கே போக, அதைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட ஆபிரிக்க நாடுகள் மொன்றியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. இவ்வளவுக்கும் பிறகு 1981இல் தென்னாபிரிக்க அணியை நியூசிலாந்துக்கு வரவிட்டார் பிரதமர் மல்டூன். விளையாட்டில் அரசாங்கம் தலையிடாது என்பதுதான் அவர் சொன்ன நியாயம். உங்கள் மூத்தவரின் அதே வசனம்.

நடந்தது என்ன? ஹமில்டன் மைதானத்தில் சில நூறு பேர் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் நடுவில் நின்று ஆட்டத்தையே நிறுத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் அவர்கள்மேல் போத்தலை எறிந்தார்கள். தலைநகர வீதியில் பொலிஸ் குண்டாந்தடியோடு இறங்கியது, ஊர்வலம் போகிறவர்கள் மோட்டார்சைக்கிள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு போனார்கள். ஒக்லாந்தின் கடைசி டெஸ்ட்டில் ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து மைதானத்தில் மாப் பொதிகளைக் கொட்டியது. ஒன்று கேரி நைட் என்ற நியூசிலாந்து வீரரைச் சரித்தது. அவர் எழும்பினார், ஆட்டம் தொடர்ந்தது, 25–22 என்று நியூசிலாந்து வென்றது. அணித்தலைவராக இருந்த கிரஹாம் மூரி அந்தத் தொடரில் ஆடவே மறுத்துவிட்டார். அரசியல் வேண்டாம் என்ற மல்டூனோ, அதே நவம்பரில் நடந்த தேர்தலில் மயிரிழையில் தப்பிப் பதவியில் இருந்தார். யார் விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டு வந்தது? மூரியா, மல்டூனா?

உங்களுக்கும் ஒரு குட்டு. மண்டேலா தென்னாபிரிக்க அணித்தலைவரின் ஆறாம் இலக்க ஜேர்சியோடு 1995இல் உலகக் கிண்ணம் கொடுத்த காட்சியை எல்லோரும் கண் கலங்கிச் சொல்வீர்கள். அதற்கு முந்திய முப்பது வருடத்தைச் சொல்லமாட்டீர்கள். பண்டுல வர்ணபுர தலைமையில் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் 1982இல் அதே நிறவெறி நாட்டுக்கு ஆடப் போய், 25 ஆண்டுத் தடை வாங்கியதையும் சொல்லமாட்டீர்கள்.

கொழும்பு றக்பியை எடுங்கள். சீ.எச். கழகம் நெடுங்காலம் வெள்ளையர் கழகம், சீ.ஆர். கழகம் இலங்கையர் சேர்ந்து தொடங்கியது. அந்தப் போட்டி எதனால் சூடுபிடித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். ஜனாதிபதியின் மகன், பாராளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே தேசிய றக்பி அணிக்குத் தலைமை தாங்கிய நாடு இது. ஹெவலொக் றக்பி கழகத்தின் முன்னாள் அணித்தலைவர் வசீம் தாஜுதீன் 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் காரில் பிணமாகக் கிடந்தார். விபத்து என்றார்கள். 2015இல் உடலைத் தோண்டியெடுத்தார்கள், அடுத்த ஆண்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றது. 2023இல் ஜனவரியில் உதைபந்தாட்டம், மே மாதத்தில் றக்பி, நவம்பரில் கிரிக்கெட் என்று மூன்று சர்வதேச அமைப்புகள் ஒரே ஆண்டில் நம்மை இடைநிறுத்தின. அரசாங்கத் தலையீடு என்பதுதான் குற்றச்சாட்டு. அமைச்சர் மைதானத்துக்குள் நிற்கலாம், வரவேற்பறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதைக் கதைக்கிறவன்தான் அரசியலைக் கலக்கிறவனா?

ஒரு விஷயத்தில் உங்கள் மூத்தவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவருடைய வயதைப் பார்த்தால் 1983 ஜூலையை வெள்ளவத்தையில் பார்த்திருப்பார். பிறகு சோதனைச்சாவடி, பொலிஸ் பதிவு, நடுச்சாமத்தில் கதவைத் தட்டும் சத்தம். அப்படி வாழ்ந்தவருக்குக் கதை ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஜன்னலைச் சாத்தத்தான் தோன்றும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது பயம். பயம் என்றே சொல்லட்டும், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். விளையாட்டுக் கொள்கை என்று அதற்குச் சட்டை போட்டால், பொடியன்கள் அதைக் கொள்கை என்றே நம்பிப் பழகிவிடுவார்கள். நீங்களே அவர் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்ததும் கீதத்தில் தொடங்க வேண்டாம், முதலில் ஸ்கோரைக் கேளுங்கள்.

இனி உங்கள் மனைவிக்கு. ஐம்பதுகளில் ஆசியாவின் வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவராகப் பெயரெடுத்த சம்மா நவரத்தினம், சீ.ஆர். கழகத்துக்கும் இலங்கைக்கும் றக்பி ஆடினார். மலையகத்தில் தோட்டத்துரைமார் றக்பி ஆடிய டிக்கோயா தரவளை மைதானத்தைச் சுற்றியிருந்த தேயிலையில் யார் கொழுந்து பறித்தார்கள் என்பதும் அவவுக்குத் தெரியும்.

கடல் கடந்தும் ஒரு சொந்தம் உண்டு. 1903 தொடக்கம் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன பீஜித் தீவில், றக்பி பெரும்பாலும் பூர்வீகக் குடிகளின் விளையாட்டு. நம் வம்சாவளியினர் உதைபந்துப் பக்கம் நின்றார்கள். 1987 மே 14 அன்று, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் இடம்பெற்ற அரசை அங்கே இராணுவம் கவிழ்த்தது. தலைமை தாங்கிய ரபூகா இளமையில் பீஜிக்காக றக்பி ஆடியவர். எட்டாம் நாள் முதலாவது உலகக் கிண்ணம் தொடங்கியது, பீஜி கால் இறுதி வரை போனது. அதே காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் உட்பட இந்திய வம்சாவளியினர் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். 2016 ரியோவில் பிரித்தானியாவை 43–7 என்று வென்று பீஜி தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாகவே எடுத்தபோது, மிஞ்சியிருந்தவர்களும் தெருவில் இறங்கி ஆடினார்கள். ரபூகா 2022 கடைசியில் தேர்தல் வழியாகவே திரும்பவும் பிரதமரானார். மனைவிக்கு நவரத்தினத்தைச் சொல்லுங்கள். ரபூகாவின் கதையை மூத்தவர் வந்து உட்கார்ந்த பிறகு எடுங்கள், அது வெளிநாட்டு அரசியல்தானே.