பழைய அம்புலிமாமா, கல்கி இதழ்களின் அட்டையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். வீட்டில் இடமில்லை, "இந்தக் குப்பையை எப்போது தூக்கிப் போடப் போகிறாய்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால்தானே இந்த யோசனை? எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். இருந்தாலும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

பொன்னியின் செல்வன் கல்கியில் தொடராக வந்தபோது (1950–54) எங்கள் தாத்தா வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சேர்ந்ததும் பைண்டு செய்து வைத்தார். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். அட்டைகளெல்லாம் சமையலறை அலமாரியில் விரிக்கப் போய்விட்டன. அந்த வால்யூம் இப்போது என்னிடம் இருக்கிறது. பைண்டர் விளிம்பைச் சீவியதில், தொடருக்குப் படம் வரைந்த மணியத்தின் கையெழுத்து சில பக்கங்களில் பாதிதான் மிச்சம். ஒரு படத்தில் குதிரைக்கு வாலே இல்லை. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. அவர்கள் கதைக்காக அட்டையை விட்டார்கள், நாம் அட்டைக்காகக் கதையை விடப் பார்க்கிறோம்.

திருவல்லிக்கேணி பாரதி சாலையில் ஒருமுறை அம்புலிமாமா கட்டு ஒன்று கண்ணில் பட்டது. பிரித்தால் ஒன்றுக்கும் அட்டை இல்லை. அட்டைகள் தனியாக பிளாஸ்டிக் உறையில், ஃபிரேம் போடுகிறவர்களுக்காகத் தனி விலையில் இருந்தன. வியாபாரியைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. வபா வரைந்த அட்டைகள் அழகுதான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் படம் எங்கே வந்தது? உள்பக்கத்தில். வரைந்தவர் சங்கர். ஓவியர் சித்ராவின் படங்களும் பெரும்பாலும் உள்ளேதான். விகடனில் ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் வரைந்த சிற்பங்களும் அப்படியே. அட்டையில்லாத அந்தக் கட்டை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"எனக்குப் படம் போதும், கதை எதற்கு?" என்று யாராவது வருவார்கள். கதை படிக்கச் சொல்லவில்லை ஐயா, படத்துக்காகத்தான் சொல்கிறேன். பணக்காரர் பொழுதுபோக்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நான் வாங்கியதில் பாதிக்கு மேல் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடை வாங்கியது.

வைத்துக்கொள்வது பெரிய வேலையில்லை. இதழைக் கோத்திருக்கும் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால், பின்பக்கம் நிமிர்த்தி மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள், இல்லாவிட்டால் துரு தாளையே அரித்துவிடும். லேமினேஷன், செலோடேப் இரண்டும் கூடாது. நடுவில் பட்டர் பேப்பர் வைத்துப் படுக்கையாக அடுக்கி, ஓரத்தில் இரண்டு வசம்புத் துண்டு போடுங்கள்.

இடமே இல்லையென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர் முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று எதையும் விடாமல் சேர்த்தவர். 1994-இல் தொடங்கிய அந்த நூலகம் அவர் சேகரிப்பிலிருந்து வந்ததுதான்.

கடைசியாக ஒன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய அட்டைகளை ஸ்கேன் செய்து போடுகிறவர்கள், ஓவியரின் கையெழுத்து இருக்கும் மூலையிலேயே தங்கள் பெயரை வாட்டர்மார்க்காகப் பதிக்கிறார்கள். கேட்டால், "ஸ்கேன் செய்தது நான்தானே?" தங்கள் பெயரைப் படத்துக்குக் கீழே எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? நீங்கள் போடும்போதாவது வரைந்தவர் யார் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.