காலி இடமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் பாதி இடம் காலியாகவே கிடக்கிறது. மத்தியானத்தில் உணவு டெலிவரிப் பையன்கள் மரத்தடியில் படுத்துத் தூங்குகிறார்கள். சாயங்காலமானால் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடி ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறார்கள். அந்தப் பாதியில் ஒரு சமுதாய நலக்கூடம் கட்டித் தரும்படி மனு கொடுத்தோம். நல்ல காரியத்துக்கும் சிலர் முட்டுக்கட்டை போடுகிறார்களே?
- ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: காலியாகக் கிடக்கிறது என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே நாலு பேர் தூங்குகிறார்கள், பிள்ளைகள் சிக்ஸர் அடிக்கிறார்கள். பூங்காவில் வேறு என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்?

சென்ட்ரல் பக்கம் போனால் விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் வரிசையாகக் கண்ணில் படும். அத்தனையும் ஒரே பூங்காவுக்குள் முளைத்தவை. பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் தொடங்கி வைத்தது. (மறு வருஷமே புது வரிகளை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார் என்று அவரை லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அது தனிக் கதை.) 116 ஏக்கர், 11 குளங்கள், அப்புறம் ஒரு மிருகக்காட்சி சாலையும் வந்தது.

அந்தப் பூங்காவை ரவுடிகள் வளைத்துப் போடவில்லை. ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டாமா? கட்டினார்கள். சந்தை வேண்டாமா? மூர் மார்க்கெட் வந்தது. மாநகராட்சிக்கு ஆபீஸ் வேண்டாமா? 1913-இல் ரிப்பன் மாளிகை. விளையாட்டுக்கு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் உங்கள் மனுவைப் போலவே நல்ல காரியம், ஒவ்வொன்றும் 'காலியாக'க் கிடந்த மூலையில். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். கடைக்காரர்களுக்கு மாற்று இடமாகக் கட்டிய வளாகத்துக்கு என்ன பெயர் தெரியுமா? அல்லிக்குளம் வணிக வளாகம். குளத்தைத் தூர்த்துவிட்டுப் பெயரை மட்டும் பலகையில் வைத்துக்கொண்டோம். மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. மிச்சம் என்று சொல்ல, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மிச்ச நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொதுத் திறவிடமாக, அதாவது எல்லாருக்குமான திறந்த வெளியாக, எழுதிக் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைக்கும். உங்கள் பூங்காவும் அப்படி வந்ததாக இருக்கலாம், பத்திரத்தைப் பாருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று முடித்துவைத்தது. மருத்துவமனைக்கே இந்தக் கதி. கல்யாண மண்டபத்துக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆமாம், சமுதாய நலக்கூடம் என்று பலகை வைத்தாலும் முகூர்த்த நாளில் அது மண்டபம்தான்.

கூடம் தேவை என்றால் அதற்குத் தனி நிலம் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இந்த மனுவில் கழிப்பறை, குடிதண்ணீர், நாலு வேப்பங்கன்று, கிரிக்கெட் பந்துக்கு ஒரு வலை கேட்டிருக்கலாம். மத்தியானம் பூட்டாமல் வைத்திருக்கிறார்களே, பல பேட்டைகளில் அந்த நேரத்துக்குப் பூட்டுத்தான் தொங்குகிறது. உங்கள் ஊர் வாட்ச்மேன் புண்ணியவான்.

ஒருவேளை மண்டபம் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் கல்யாணத்தன்றே கார் நிறுத்த இடம் போதாது. மறுபடியும் மனு எழுதுவீர்கள். பூங்காவின் அடுத்த பாதியும் அன்றைக்குக் காலியாகத்தானே கிடக்கும்?