மாஸ்க்கோடு உறங்கப் பழகுதல்: கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகப் பரிசோதனையில் தெரிந்து, மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தள்ளும் சிபேப் இயந்திரம் வாங்கியவர்கள் ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மதுரையில் ஒரு மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனைப் பிரிவில் 14 ஆண்டுகள் செவிலியாக இருந்தவள். என் கணவர் ஆறு ஆண்டுகளாக இந்த இயந்திரத்தோடுதான் உறங்குகிறார். இயந்திரத்தின் அழுத்தத்தையும் மருந்தையும் மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன்.

தங்கச்சிமடம், விசைப்படகு ஓட்டுநர், வயது 46: சிஸ்டர், ரிப்போர்ட்டில் 38 என்று போட்டிருக்கிறது. மாஸ்க் போட்ட இரண்டாவது நிமிடமே மூச்சு முட்டுகிறது. மூன்று இரவு பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்தால் கடலுக்குப் போக வேண்டும். அங்கே என்ன செய்வது?

தம்பி, முதலில் அந்த 38 என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 38 முறை உங்கள் மூச்சு நின்றிருக்கிறது, அல்லது வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் போனால் கடுமை. ஏழு மணி நேரம் உறங்கினால் 266 முறை. ஒவ்வொரு முறையும் மூளை உங்களை உலுக்கி மூச்சு வாங்க வைக்கிறது. உங்களுக்கு அது நினைவில் நிற்பதில்லை. காலையில் அடித்துப் போட்டதுபோல் எழுவது இதனால்தான்.

மூச்சு முட்டும் உணர்வு உண்மையானது. ஆனால் காற்று குறைவதால் அது வருவதில்லை. எதிர்க்காற்றில் படகின் முன்னால் நின்று பேச வாயைத் திறந்தால் காற்று உள்ளே திணிக்குமே, அதுதான் இது. பழக்கமில்லாத உடம்பு அதை எதிர்க்கிறது. ஆகையால் இரவில் தொடங்காதீர்கள். பகலில் திண்ணையில் உட்கார்ந்து, பட்டையை மாட்டாமல் மாஸ்க்கைக் கையால் மூக்கில் வைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓடவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது கைக்குத் தெரிந்துவிட்டால் நெஞ்சு படபடப்பது அடங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பட்டையை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் டிவி பாருங்கள். அதன்பின் மதியத் தூக்கம். அதற்குப் பிறகுதான் இரவு. உங்கள் இயந்திரத்தில் ‘ராம்ப்’ என்ற வசதி இருக்கும். அது 4 செ.மீ. நீர் அழுத்தம் போன்ற குறைந்த அளவில் தொடங்கி, நீங்கள் உறங்க உறங்க மெல்ல ஏற்றும். மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைத் தளர்த்தும் வசதியும் பல இயந்திரங்களில் உண்டு. இரண்டும் அணைந்திருந்தால் முதல் இரவே யாருக்கும் கஷ்டம்தான். விற்றவரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில்தான் இருக்கப் போகிறீர்கள். இயந்திரத்தோடு பழக இதைவிட நல்ல காலம் கிடையாது. வலை பின்னும் வேலையோடு இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

படகுக்கு இயந்திரத்தை எடுத்துப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அது நிலைக்காது. படகு பேட்டரியில் ஓட்டுவதென்றால் அந்த இயந்திரத்துக்கென்றே வரும் கன்வெர்ட்டர் வேண்டும். நேராகக் கம்பி கொடுத்தால் எரிந்துவிடும். கடலில் கழியும் இரவுகளில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், மது அறவே வேண்டாம். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும். இவை இயந்திரத்துக்கு ஈடாகாது. ஓர் இரவு விட்டாலே நோய் திரும்பி வரும். ஆகவே அந்த இரவுகளில் சுக்கானைத் தனியாகப் பிடிக்காதீர்கள், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். கரைக்கு வந்ததும் பகலில் உறங்கும்போது மாஸ்க் கட்டாயம். இரவோ பகலோ, உறங்கினால் அது வேண்டும்.

பாம்பன், மீன் வியாபாரி: இது ஆக்சிஜன் இயந்திரமா? ஆக்சிஜன் அளவு எனக்கு 97 காட்டுகிறதே, பிறகு எதற்கு?

ஆக்சிஜன் இல்லை. கொரோனா காலத்தில் பார்த்த சிலிண்டரோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இது உங்கள் அறையில் உள்ள சாதாரணக் காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது. உறங்கும்போது நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சுப் பாதையில் சரிகின்றன. தள்ளப்படும் காற்று அந்தப் பாதையை மூடவிடாமல் விரித்துப் பிடிக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் இதை முதன்முதலில் செய்து காட்டியபோது பயன்படுத்தியதும் காற்று ஊதும் மோட்டாரைத்தான். 97 என்பது விழித்திருக்கும்போது எடுத்த அளவு. உறக்கத்தில் எவ்வளவு இறங்கியது என்று உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

மண்டபம், இல்லத்தரசி: அவருக்குக் காலையில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டியில் வெள்ளையாகப் படிகிறது. சில நாள் குழாயிலிருந்து முகத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்றும் சொல்கிறார்.

அம்மா, மூன்றும் வேறு வேறு கோளாறு.

வெள்ளைப் படிவு நம் ஊர்த் தண்ணீர் தந்தது. கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் காற்றை ஈரமாக்கும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. மருந்துக் கடையில் கிடைக்கும் வாலை வடித்த தண்ணீரை, அதாவது டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள். பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் வேண்டாம். அது மூச்சில் போவதற்காகச் செய்யப்பட்டதல்ல. காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, நிழலில் கவிழ்த்து வையுங்கள். நேற்றைய தண்ணீரில் இன்று உறங்கக் கூடாது. ஏறிவிட்ட படிவுக்கு வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து சிறிது நேரம் ஊற வைத்தால் போகும். பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

வாய் காய்வது பெரும்பாலும் வாய் திறந்து உறங்குவதால். மூக்கில் மட்டும் மாட்டும் மாஸ்க் என்றால் மூக்கில் போகும் காற்று வாய் வழியே ஓடிவிடும். அவருக்கு மூக்கடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதைச் சரிசெய்யாமல் மாஸ்க்கை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. அடைப்பு இல்லையென்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏசி அறையின் குளிர். சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் போகும்போது நீராகிவிடுகிறது. ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், இயந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

கீழக்கரை, மகன்: எங்கள் வாப்பாவுக்கு வயது 67, தாடி வைத்திருக்கிறார். காற்று ‘புஸ்’ என்று கசிகிறது. பட்டையை இறுக்கினோம், மூக்கின் மேல் புண் வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்றும் கேட்கிறார்.

தாடியை எடுக்க வேண்டியதில்லை. முகத்தில் பதியும் பெரிய மாஸ்க்கின் விளிம்பு தாடியில் ஒட்டாது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பதியும் சிறிய மாஸ்க் உண்டு. அது தாடியைத் தொடுவதே இல்லை. வாப்பா வாயை மூடி உறங்குகிறவராக இருந்தால் அதுதான் சரி.

புண் வந்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள். கசிந்தால் இன்னும் இறுக்கு என்றுதான் எல்லாருக்கும் கை போகிறது. அதிகம் இறுக்கினால் விளிம்பு மடங்கி மேலும் கசியும். எல்லாப் பட்டையையும் தளர்த்துங்கள். அவர் படுத்த பிறகு, இயந்திரம் ஓடும்போதே, மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கி மீண்டும் உட்கார விடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தது படுத்ததும் மாறும், கன்னம் சரிகிறதல்லவா? மாஸ்க்கின் முன்புறம் சிறு துளைகளிலிருந்து வரும் காற்று கசிவு அல்ல. விட்ட மூச்சு வெளியேறும் வழி அது. அதை எந்தக் காரணத்துக்காகவும் பிளாஸ்திரி போட்டு அடைத்துவிடாதீர்கள். மாஸ்க்கின் சிலிகான் மெத்தையைத் தினமும் மென்மையான சோப்பில் கழுவுங்கள், முகத்து எண்ணெய் படிந்தால் வழுக்கும். புண் ஆறும்வரை வேறு வகை மாஸ்க் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நோன்பில் உறக்கம் இரண்டாகப் பிரியும். இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து படுக்கும்போதும் மாட்ட வேண்டும், சஹர் உணவுக்கு எழுந்து பஜ்ர் தொழுதபின் மீண்டும் படுத்தால் அப்போதும் மாட்ட வேண்டும். இரண்டாவது தூக்கத்தைத்தான் பலர் ‘கொஞ்ச நேரம்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். விடியல் நேரத்துக் கனவுத் தூக்கத்தில் தசைகள் மிகவும் தளரும். மூச்சுத் தடை அதிகமாக வருவதும் அப்போதுதான்.

ராமேஸ்வரம், விடுதி ஊழியர்: மழைக்காலத்தில் மின்சாரம் போனால் மாஸ்க்கோடு மூச்சு அடைத்துவிடாதா? இன்வெர்ட்டர் தாங்குமா?

அடைக்காது. வாயையும் மூடும் மாஸ்க்கில் காற்று நின்றால் தானே திறக்கும் வால்வு இருக்கிறது. பெரும்பாலும் காற்று நின்றவுடன் விழிப்பு வந்துவிடும். கழற்றி வைத்துவிடுங்கள்.

ஈரப்பதச் சூடு இல்லாமல் இயந்திரம் சுமார் 30 வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பெரிய சுமை அல்ல, மின்விசிறியும் சேர்ந்து ஓடும். சூட்டை ஓடவிட்டால் செலவு இரண்டு மூன்று மடங்காகும், அதனால் மின்சாரம் இல்லாதபோது அதை அணைத்துவிடுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இயந்திரத்தைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். பின்புறம் உள்ள பில்டரை வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் கெடு நம் மணல் காற்றுக்குப் பொருந்தாது.

தேவிபட்டினம், வேன் ஓட்டுநர்: இரவு நான்கு மணி நேரம் போடுகிறேன், பிறகு தெரியாமலே கழற்றிவிடுகிறேன். போதுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடிக்கு சவாரி போகிறேன். மதியம் கண் சொக்குகிறது.

போதாது. கண் சொக்கும்வரை வண்டியைத் தொடாதீர்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சாயல்குடிக்கு அப்பால் சாலை நேராக, ஆளில்லாமல் போகும். கண் மூடுவது அங்கேதான். உங்கள் பின்னால் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சவாரியை விட்டால் வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரம் என்பது ‘பயன்படுத்துகிறார்’ என்று கணக்கில் சேர்ப்பதற்கான குறைந்தபட்ச எல்லை. உடம்புக்கு முழு இரவும் வேண்டும். தெரியாமல் கழற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் கசிவு, மூக்கடைப்பு அல்லது பற்றாத அழுத்தம். இயந்திரத்தில் உள்ள நினைவக அட்டையையோ செயலிப் பதிவையோ மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்குக் கழன்றது, அப்போது என்ன நடந்தது என்று அதில் இருக்கும். விழிப்பு வந்தால் மீண்டும் மாட்டிக்கொண்டு படுங்கள். முழு இரவும் போட்ட பிறகும் சொக்கினால் வேறு காரணம் தேட வேண்டும்.

பெரியபட்டினம், குவைத் செல்ல இருப்பவர்: மச்சான் அங்கிருந்து பழைய இயந்திரம் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

எந்த ஆண்டு, எந்த மாடல் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சில் கலக்கலாம் என்பது காரணம். அந்தப் பட்டியலில் இருந்தால் வேண்டாம். இல்லாவிட்டாலும் அழுத்தம் உங்களுக்கு எழுதியபடி மாற்றப்பட வேண்டும். மச்சானுடைய அளவு உங்களுக்கு ஆகாது. மாஸ்க், குழாய், பில்டர் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இங்கிருந்தே ஓர் இயந்திரம் கொண்டுபோவதானால் விமானத்தில் கையோடு எடுத்துப் போங்கள், தொட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது, மருத்துவர் கடிதம் பையில் இருக்கட்டும். அங்கே மூன்று சதுரக் கால் பிளக், அடாப்டர் வேண்டும்.

தொண்டி, ஆசிரியர்: வயிறு உப்புகிறது, ஏப்பம் வருகிறது. ஆயுள் முழுக்க இதுதானா?

காற்று வயிற்றுக்குள் போகிறது. தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்; குறையாவிட்டால் அழுத்தத்தைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள். ஆயுள் முழுக்கவா என்பதற்கு: எடை நன்றாகக் குறைந்தால் பலருக்கு நோயும் குறைகிறது, சிலருக்கு இயந்திரமே தேவையில்லாமல் போகிறது. ஆனால் அதை மறுபரிசோதனைதான் சொல்ல வேண்டும், குறட்டை நின்றதை வைத்து நீங்களே முடிவு செய்யக் கூடாது. லேசான, நடுத்தர நிலையில் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல் கருவியும் உண்டு.

வாலிநோக்கம், வயது 41: அக்கா, நான் பெண். குறட்டை என்று சொல்லவே கூச்சம். ஒரே கூடத்தில் மாமியாரும் பிள்ளைகளும் படுக்கிறோம். மாஸ்க்கைப் பார்த்துச் சின்னவள் அழுகிறாள். எல்லாரும் உறங்கிய பிறகு மாட்டலாம் என்று காத்திருந்து நானே உறங்கிவிடுகிறேன்.

பரிசோதனைப் பிரிவில் என்னிடம் வந்த பெண்களில் குறட்டைக்காக வந்தவர்கள் மிகக் குறைவு. காலைத் தலைவலி, தீராத அசதி, இரவில் விழிப்பு என்று வருவார்கள். இரத்தச் சோகை, மனக்கவலை என்று ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டிருப்பார்கள். நீங்கள் 41 வயதில் கண்டுபிடித்துவிட்டீர்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மாமியாருக்குக் கண்ணாடி, உங்களுக்கு மாஸ்க்.

சின்னவளிடம் மாஸ்க்கைப் பகலில் கொடுங்கள். கையில் காற்று படட்டும், பொம்மையின் முகத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரவில் பொத்தானை அழுத்துகிற வேலையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பேத்திதான் தாத்தாவின் இயந்திரத்தைத் தொடங்கி வைப்பாள். மாமியாரிடம், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் இது மருந்து மாதிரி என்று ஒரே ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். சத்தம் மின்விசிறியைவிடக் குறைவு. உங்கள் குறட்டை நின்றதும் முதலில் நன்றாக உறங்கப் போகிறவர் அவர்தான்.

படுத்தவுடனே மாட்டுங்கள், விளக்கை அணைக்கும் முன்பே. ஒரு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். காலையில் இயந்திரத்தின் திரையில் எத்தனை மணி நேரம் என்று காட்டும். ஏழு நாள் கணக்கையும் குறித்து அனுப்புங்கள், எங்கே தடுக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.