இசைத்தட்டுச் சேகரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெக்கா கம்பெனியின் பழைய எஸ்எக்ஸ்எல் (SXL) ஸ்டீரியோ வரிசைத் தட்டு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மெண்டல்ஸோனின் 'ஸ்காட்டிஷ்' சிம்ஃபனி, பீட்டர் மாக் நடத்தியது. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதே பதிவு 'லண்டன்' என்ற லேபிளிலும் கிடைக்கிறது, விலை மிகக் குறைவு. எது அசல்?
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் அசல்தான். லண்டன் தட்டை வாங்குங்கள்.

அமெரிக்காவில் டெக்கா என்ற பெயர் வேறொரு கம்பெனியின் கையில் இருந்தது. அதனால் இங்கிலாந்து டெக்கா தன் தட்டுகளை அங்கே 'லண்டன்' என்ற பெயரில் விற்றது. சிஎஸ் என்று தொடங்கும் எண்ணுள்ள அந்த ஸ்டீரியோ தட்டுகள், எஸ்எக்ஸ்எல் தட்டுகள் அச்சான அதே நியூ மால்டன் ஆலையில்தான் அச்சாயின. லேபிளும் உறையும் வேறு. மூலத்தட்டில் தடத்தை வெட்டிய கை ஒன்றே. நீங்கள் சொல்லும் தட்டு எஸ்எக்ஸ்எல் 2246. அதற்குக் கேட்கும் விலையில் பெரும்பங்கு லேபிளுக்கான விலை.

அந்த லேபிளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெக்கா 1950களின் நடுவில் 'டெக்கா ட்ரீ' என்ற முறையை உருவாக்கியது. இசைக்குழு நடத்துனரின் தலைக்கு மேலே, சுமார் மூன்று மீட்டர் உயரத்தில், T வடிவத்தில் மூன்று மைக்குகள். லண்டன் கிங்ஸ்வே ஹால், ஜெனீவாவின் விக்டோரியா ஹால், வியன்னாவின் ஸோஃபியன்ஸால் போன்ற கூடங்களில் இப்படிப் பதிவு செய்தபோது வாத்தியங்களின் இடமும் கூடத்தின் காற்றும் சேர்ந்தே தட்டில் இறங்கின. கென்னத் வில்கின்சன் போன்ற பொறியாளர்கள் இதில் உச்சம் தொட்டார்கள். எஸ்எக்ஸ்எல் வரிசை 1958இல் தொடங்கியது.

எஸ்எக்ஸ்எல் லேபிளின் வயதை அறிய மூன்று அடையாளங்கள் போதும். நடுவில் ஓடும் வெள்ளிப்பட்டை அகலமாக இருந்தால் சுமார் 1970க்கு முந்தியது. குறுகலாக இருந்தால் பிந்தியது. அகலப்பட்டை லேபிளின் மேல் இடப்பக்க விளிம்பில் 'ஒரிஜினல் ரெக்கார்டிங் பை' என்று தொடங்கினால் முதல் கட்டம். 'மேட் இன் இங்கிலாண்ட் பை' என்று தொடங்கினால் அதற்கு அடுத்தது. லேபிள் காகிதத்தில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு வட்டப் பள்ளம் இருந்தால், அந்தந்தக் கட்டத்துக்குள் அது பழைய அச்சு. 1980இல் நியூ மால்டன் ஆலை மூடப்பட்டு அச்சு வேலை ஹாலந்துக்குப் போனது. ஹாலந்து அச்சுகள் பெரும்பாலும் சத்தமில்லாத, சுத்தமான தட்டுகள். ஆனால் பழைய வெட்டில் உள்ள கனம் அவற்றில் குறைவு என்பது என் கருத்து.

மலிவு வரிசைகளில் 'ஏஸ் ஆஃப் டயமண்ட்ஸ்', எஸ்டிடி எண்கள், நம்பி வாங்கலாம். 'எக்லிப்ஸ்' வரிசையில் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய தட்டுகள் அதில் நிறைய உண்டு. தாழ்ந்த ஒலி ஒரு பக்கம், உயர்ந்த ஒலி மறுபக்கம் என்று பிரித்து வைத்த வேலை அது. வயலின் கோஷ்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றே தெரியாது. அந்தப் பதிவின் பழைய மோனோ தட்டு கிடைத்தால் அதுவே மேல்.

லேபிளுக்குப் பக்கத்தில் கீறியதுபோல் எண்களும் எழுத்துகளும் இருக்கின்றனவே, அவை என்ன?
– வாசகி, திருச்சி

தட்டின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது. உறை மாறியிருக்கலாம், லேபிள் ஏமாற்றலாம். அந்த எழுத்துகள் ஏமாற்றுவதில்லை. டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் படியுங்கள்.

டெக்கா ஸ்டீரியோ தட்டில் இஸட்ஏஎல் என்று தொடங்கி ஓர் எண் வரும். அது பக்கத்தின் அடையாளம். அதன் முடிவில் 1டி, 3டபிள்யூ என்பதுபோல் இருக்கும். எண், எத்தனையாவது வெட்டு என்பது. எழுத்து, வெட்டிய பொறியாளர். இரண்டு தட்டுகளில் இது ஒன்றாக இருந்தால், ஒன்றில் டெக்கா லேபிளும் மற்றதில் லண்டன் லேபிளும் இருந்தாலும், வெட்டு ஒன்றுதான்.

இந்த எண்ணைக் கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் வைத்துத் தட்டைப் பிடியுங்கள். ஒன்பது மணி இடத்தில் ஒற்றை எண் தெரியும். அது தாய் அச்சின் எண், அதாவது ஸ்டாம்பர்களை வார்த்தெடுக்கும் உலோகத் தட்டின் எண். மூன்று மணி இடத்தில் உள்ள எழுத்துகள் ஸ்டாம்பர் எண். ஸ்டாம்பர் என்பது வினைலை அழுத்தித் தட்டாக்கும் உலோக அச்சு. டெக்கா இதற்கு BUCKINGHAM என்ற சொல்லைக் குறியீடாக வைத்திருந்தது. பி என்றால் 1, யூ 2, சி 3, கே 4 என்று போய் ஏ 9, எம் பூஜ்யம். 'பிகே' என்றால் பதினான்காவது ஸ்டாம்பர். எச்எம்வி லேபிளை வைத்திருந்த இஎம்ஐ கம்பெனியின் தட்டுகளில் இதே வேலைக்கு GRAMOPHLTD: ஜி 1, ஆர் 2, கடைசி டி பூஜ்யம்.

முதல் ஸ்டாம்பருக்காக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு ஸ்டாம்பரும் சில நூறு தட்டுகளை அச்சிட்டதும் தேயத் தொடங்கும். முதல் ஸ்டாம்பரின் கடைசித் தட்டைவிட இருபதாவது ஸ்டாம்பரின் ஆரம்பத் தட்டு தெளிவாக ஒலிக்கலாம். எந்தத் தட்டு எப்போது அச்சானது என்று வெளியே தெரியாது. அந்தப் பணத்தைத் தேயாத தட்டுக்குக் கொடுங்கள்.

தாத்தா வைத்துவிட்டுப் போன எச்எம்வி கர்நாடக இசைத் தட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஈசிஎல்பி, ஈஏஎஸ்டி என்றெல்லாம் எண்களுக்கு முன்னால் வருகிறது. நல்ல டர்ன்டேபிள் வாங்கியும் பல தட்டுகள் கரகரக்கின்றன. தட்டு தரமற்றதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

எழுத்துகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இஎம்ஐ வைத்திருந்த ஏஎல்பி, சிஎல்பி என்ற மோனோ வரிசைகளும் ஏஎஸ்டி, சிஎஸ்டி என்ற ஸ்டீரியோ வரிசைகளும், முன்னால் ஓர் 'ஈ' சேர்ந்து இந்தியாவில் வந்தன. ஆக ஈஏஎல்பி, ஈசிஎல்பி மோனோ. ஈஏஎஸ்டி, ஈசிஎஸ்டி ஸ்டீரியோ. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை.

கரகரப்புக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எது உங்களுடையது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலாவது, மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜால் (முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) ஓட்டுவது. மோனோ தடத்தில் முள் இடவலமாக மட்டும் அசைந்தால் போதும். மேலும் கீழுமான அசைவில் கிடைப்பதெல்லாம் தூசியும் கீறலும்தான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அதையும் சேர்த்து ஒலியாக்கிவிடும். ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கும். மோனோ தட்டுகள் அதிகம் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்குவது நியாயமான செலவு.

இரண்டாவது, பழைய பதிவின் இரைச்சல். ஒரு பக்கத்தில் ஆறேழு உருப்படி, ஒவ்வொன்றும் மூன்று மூன்றரை நிமிடம் என்றால் அது பெரும்பாலும் 78 சுழற்சித் தட்டுகளிலிருந்து எடுத்துத் தொகுத்தது. அந்தச் சரசரப்பு மூலத்திலேயே இருப்பது. எவ்வளவு கழுவினாலும் போகாது. ஜி.என்.பி. போன்றவர்களின் இளவயதுக் குரலுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாவது தேய்மானம், இதற்குத்தான் மருந்து இல்லை. அக்காலத்து வீட்டு ரெக்கார்ட் பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் நான்கைந்து கிராம், சில சமயம் அதற்கும் மேலே அழுத்திக்கொண்டு ஓடியது. முள்ளும் வருடக்கணக்கில் மாறாது. பாடகர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் நாகஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போதும் ஒலி கிழிந்தால் தடத்தின் சுவரே சிதைந்துவிட்டது என்று பொருள். மெதுவான ஆலாபனை சுத்தமாக இருந்து, குரல் ஓங்கும் இடத்தில் மட்டும் கிழிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு முயற்சி மிச்சம் இருக்கிறது. பழைய முள் உரசாத உயரத்தில் வேறு முள்ளை உட்கார வைப்பது. 18 மைக்ரான் கூம்பு முனை தேய்த்த தட்டில், அதைவிட ஆழத்தில் தொடும் மைக்ரோலைன் முனையோ, மோனோ தட்டானால் சற்று மேலே உட்காரும் 25 மைக்ரான் முனையோ சில சமயம் நல்ல பலன் தரும்.

இவற்றோடு, அமெரிக்காவில் நான்ஸச் கம்பெனி 'எக்ஸ்ப்ளோரர்' வரிசையில் 1960களின் பிற்பகுதியில் வெளியிட்ட ராம்நாட் கிருஷ்ணன் தட்டுகளையும் தேடுங்கள். அவற்றில் அவர் சாவகாசமாகப் பாடுவார், தட்டின் தரமும் நன்றாக இருக்கும். வெளிநாட்டில் பெரிய விலை இல்லை.

மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தால் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. எப்படிக் கழுவுவது?
– வாசகி, சென்னை

முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டைமாடியிலோ பால்கனியிலோ நிழலில் வைத்துச் செய்யுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சைத்தூள் மற்ற உறைகளில் போய் உட்காரும். பழைய காகித உள்ளுறைகளை எறிந்துவிடுங்கள். பூஞ்சை வாழ்ந்ததே அந்தக் காகிதத்தில்தான்.

கரைசல்: டிஸ்டில்டு வாட்டர் 750 மில்லி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 250 மில்லி, ஃபோட்டோ கழுவப் பயன்படும் ஃபோட்டோஃப்ளோ ஐந்து சொட்டு. ஃபோட்டோஃப்ளோ இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக நின்று தடத்துக்குள் இறங்காது. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதன் வாசனைப் பொருள் தடத்தில் படிந்துவிடும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் வேண்டாம். அதில் எண்ணெய்ச் சேர்மானம் இருக்கக்கூடும். போர்த் தண்ணீரைக் கனவிலும் நினைக்காதீர்கள். அது காய்ந்ததும் உப்பு தடத்துக்குள்ளேயே தங்கி, பிறகு ஒவ்வொரு முறையும் சொடக்குப் போடும்.

கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் உலர்தூசியை எடுங்கள். லேபிளை வட்டமான பிளாஸ்டிக் மூடியால் காத்துக்கொண்டு கரைசலைப் பரப்பி, இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். மென்மையான வெல்வெட் பேடால் தடம் போகும் திசையிலேயே, இருபக்கமாகவும் வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. அழுக்கு நீரை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்து, பலரும் விட்டுவிடும் படி: வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை அலசி ஒற்றுவது. இதைச் செய்யாவிட்டால் கரைந்த அழுக்கும் ஃபோட்டோஃப்ளோவும் காய்ந்து, முள்முனையில் வெள்ளைப் பிசினாகச் சேரும். தட்டு ஸ்டாண்டில் அரைமணி நேரம் நிறுத்தி உலர்த்தி, புதிய பாலித்தீன் உள்ளுறையில் போடுங்கள்.

இந்தக் கரைசல் வினைல் தட்டுக்கு மட்டும். 78 சுழற்சித் தட்டு அரக்கால் ஆனது. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும்.

தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அடுக்கிப் படுக்க வைக்காதீர்கள். வெயில் விழும் மேற்குச்சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது. தடித்த பிவிசி வெளியுறைகளும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அவை வெளியிடும் பொருள் தட்டின் மேல் மங்கலாகப் படியும், அது துடைத்தால் போகாது.

சிம்ஃபனியின் கடைசிப் பகுதி வரும்போது மட்டும் ஒலி பிசிறுகிறது. எல்லாத் தட்டிலும்.
– வாசகர், மதுரை

எல்லாத் தட்டிலும் என்றால் பிழை தட்டில் இல்லை. 33⅓ சுழற்சியில் வெளி விளிம்பில் தடம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. வேகத்தில் முள்ளைக் கடக்கிறது. கடைசித் தடத்தில் அது 21 செ.மீ.தான். அதே உயர்ந்த ஸ்வரம் அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். சிம்ஃபனிகளோ பெரும்பாலும் அங்கேதான் உச்சத்துக்குப் போகின்றன.

முள்ளை லென்ஸில் பார்த்து, பஞ்சு இருந்தால் எடுங்கள். ஆயிரம் மணி நேரம் ஓடியிருந்தால் புது முள் போடுங்கள். அழுத்தத்தை டிஜிட்டல் தராசில் அளந்து, கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். 1.5 முதல் 2 கிராம் என்றிருந்தால் 1.8 அல்லது 1.9. பலரும் தட்டு தேயுமென்று பயந்து குறைத்து வைக்கிறார்கள். அழுத்தம் போதாமல் துள்ளும் முள்தான் தடத்தை அதிகம் சிதைக்கும். பிறகு கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் புரோட்ராக்டர் அட்டையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கும்வரை அதை நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஒரு புள்ளியில் மட்டும் சரியாக இருப்பது போதாது.

இவ்வளவுக்குப் பின்னும் பிசிறினால் வாங்கும்போதே பக்கத்தின் நீளத்தைப் பாருங்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியை ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு அரைமணியைத் தாண்டும். தடங்களை நெருக்கி, ஒலியையும் குறைத்து வெட்டித்தான் அது சாத்தியம். இரண்டு தட்டில் வந்த பதிப்பைத் தேடுங்கள்.

'180 கிராம்' என்று போட்ட புது மறுபதிப்புகள் உயர்தரமானவையா?
– வாசகர், சேலம்

எடை ஒலியைத் தீர்மானிப்பதில்லை. தட்டு வளையாமல் இருக்க ஓரளவு உதவும், அவ்வளவுதான். எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டினார்கள் என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் சிடிக்காகத் தயாரித்த கோப்பிலிருந்தே வெட்டியிருக்க வாய்ப்புண்டு. டாய்ச் கிராமஃபோன் 2023 முதல் வெளியிடும் 'ஒரிஜினல் சோர்ஸ்' வரிசை இதில் நேர்மையானது. 1970களின் நான்கு தடப் பதிவு டேப்பிலிருந்து நேராக, பெர்லினின் எமில் பெர்லினர் ஸ்டூடியோவில் வெட்டுகிறார்கள். அந்தக் காலத்து அச்சுகளைவிட இவை பல இடங்களில் தெளிவு.

வெளியூரிலிருந்து தட்டு வரவழைக்கும்போது உறையின் விளிம்பு கிழிந்தே வருகிறது.
– வாசகி, புதுச்சேரி

விற்பவரிடம் தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு உறைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்சல் விழும்போது தட்டின் விளிம்புதான் உள்ளிருந்து உறையை வெட்டுகிறது. இருபுறமும் உறையைவிட ஓர் அங்குலம் பெரிய கெட்டி அட்டை, ஒன்றின் நெளிவு மற்றதற்குக் குறுக்காக வரும்படி. 'விஜி' (வெரி குட்) என்று தரம் போட்ட தட்டுக்கு இவ்வளவு தபால் செலவு வேண்டாம். பெயர் அப்படி இருந்தாலும், விற்பவர்களின் தரவரிசையில் அது தொடர்ந்து சொடக்குச் சத்தம் வரும் தட்டு. மென்மையான பகுதிகள் நிறைந்த சாஸ்திரிய இசைக்கு 'எக்ஸலண்ட்' அல்லது 'நியர் மிண்ட்' கேளுங்கள், கண்ணால் பார்த்துப் போட்ட தரமா, ஓட்டிக் கேட்டுப் போட்ட தரமா என்பதையும் பணம் அனுப்பும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.