கீப்பர் லீக்குக்கு மாறுகிறீர்களா? போன வருட அணியிலிருந்து யாரையும் வைத்துக்கொள்ள விடாதீர்கள்

கேள்வி: டெக்சாஸ் பிளேனோவில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து சில வருடங்களாக என்எஃப்எல் ஃபேன்டசி ஃபுட்பால் ஆடுகிறோம் (அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் நிஜ வீரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் பாயின்ட் சேர்க்கும் விளையாட்டு). இந்த வருடம் இதை, அணியில் சிலரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ள விடும் கீப்பர் லீக்காக மாற்றலாம் என்று பேச்சு. என்னைக் கமிஷனர் (லீக்கை நடத்துபவர்) ஆக்கிவிட்டார்கள். போன வருடம் ஜெயித்தவர், "என் அணியிலிருந்து மூன்று பேரை அப்படியே வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? எத்தனை பேரை, எந்த விலைக்கு வைத்துக்கொள்ள விடுவது? நண்பரின் நண்பர் ஒருவர் பணம் உட்பட எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், பரிசில் 10 சதவீதம் போதும் என்றும் சொல்கிறார்.

பதில்: ஜெயித்தவருக்கு ஒரே பதில்தான்: முடியாது.

போன ஆகஸ்டில் நீங்கள் 12 பேரும் டிராஃப்ட் செய்தபோது, அதாவது சுற்றுச் சுற்றாக முறை வைத்து வீரர்களை எடுத்தபோது, ஜனவரியில் அணி கலைந்துவிடும் என்ற கணக்கில்தான் செய்தீர்கள். டிசம்பரில் பிளேஆஃபுக்காக முட்டி மோதியவர்கள், காயத்தில் கிடந்த இளம் வீரரைக் கழற்றிவிட்டு அந்த வார ஆட்டத்துக்கு ஒரு கிக்கரை (பந்தை உதைத்துப் பாயின்ட் எடுப்பவரை) எடுத்திருப்பார்கள். அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் செய்வார்களா? ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றினால் லாபம் ஜெயித்தவருக்கு மட்டும்தான். இந்த ஆகஸ்டில் எல்லாரும் புதிதாக டிராஃப்ட் செய்யுங்கள். அதிலிருந்து எடுத்தவர்களை அடுத்த ஆகஸ்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவியுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போகும். போகட்டும். அவர் முணுமுணுப்பார், அதுவும் போகட்டும்.

அடுத்து எண்ணிக்கை. 12 பேர் லீக்குக்கு, அதுவும் முதல் முறை என்றால், ஆளுக்கு இரண்டு கீப்பர் (வைத்துக்கொள்ளும் வீரர்) போதும். இதற்கே குழுவில் நாள்கணக்கில் சண்டை போடுவார்கள். ஆனால் எண்ணிக்கையால் லீக் கெட்டதை நான் பார்த்ததில்லை. விலை வைக்காமல் விட்டுத்தான் கெடுகிறது.

ஒரு வீரரை வைத்துக்கொண்டால் பதிலுக்கு டிராஃப்டில் ஒரு சுற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் விலை. விலையே இல்லாமல் "பிடித்த இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள்" என்றால், முதல் சுற்றில் நட்சத்திரம் கிடைத்தவர் வருடா வருடம் இரண்டு நட்சத்திரத்தோடு தொடங்குவார். மற்றவர்கள் இரண்டாவது வருடத்திலேயே அலுத்துப்போய் அணியைக் கவனிக்கவே மாட்டார்கள்.

என் சிபாரிசு இது. போன வருடம் எடுத்த சுற்றிலிருந்து இரண்டு சுற்று முன்னால் விலை. 9-ஆம் சுற்றில் எடுத்தவரை அடுத்த வருடம் வைத்துக்கொள்ள 7-ஆம் சுற்றை இழக்க வேண்டும், அதற்கடுத்த வருடம் 5-ஆம் சுற்றை. அதோடு சரி, இரண்டு முறை வைத்துக்கொண்டவர் திரும்பப் பொது டிராஃப்டுக்கு வந்துவிட வேண்டும். முதல் இரண்டு சுற்றில் எடுத்தவர்களை வைத்துக்கொள்ளவே கூடாது. இரண்டு கீப்பருக்கும் ஒரே சுற்றுதான் விலை என்று வந்தால், ஒருவருக்கு அதற்கு முந்தைய சுற்றைக் கொடுக்க வேண்டும். ஏல முறை டிராஃப்ட் வேறு கதை, உங்களுக்கு இப்போது வேண்டாம்.

டிராஃப்டில் யாரும் எடுக்காமல், சீசன் நடுவில் வெய்வரில் (யார் அணியிலும் இல்லாதவர்களின் பட்டியலிலிருந்து) எடுத்த வீரருக்கு என்ன விலை? பல லீக்குகளில் யோசிக்காமல் "கடைசிச் சுற்று" என்று எழுதிவிடுகிறார்கள். 2023-இல் பூக்கா நகூவா என்ற அறிமுக ரிசீவர் (வீசும் பந்தைப் பிடித்து ஓடுபவர்) என்ன செய்தார் என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை என்எஃப்எல் டிராஃப்டின் (நிஜ அணிகள் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்) ஐந்தாம் சுற்றில், 177-ஆவது ஆளாக எடுத்தது. ஆகஸ்டில் ஃபேன்டசி லீக்குகளில் பெரும்பாலானவர்கள் அவரைச் சீண்டவில்லை. ராம்ஸின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப் காயத்தில் இருக்க, முதல் வாரமே சியாட்டிலுக்கு எதிராக 10 கேட்ச், 119 யார்டு. அந்த வாரமே எல்லாரும் வெய்வருக்கு ஓடினார்கள். சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. இரண்டுமே அன்றைக்கு அறிமுக வீரர் சாதனைகள். அப்படிப்பட்டவரைக் கடைசிச் சுற்று விலைக்கு வைத்துக்கொள்ள விட்டால், ஒருவருக்கு மட்டும் முதல் சுற்று ஆள் ஒருவரை இலவசமாகக் கொடுத்த மாதிரிதான். (2024-இல் அவர் காயம்பட்டுப் பல ஆட்டங்களைத் தவறவிட்டார் என்பதும் உண்மை. கீப்பர் என்றால் உத்தரவாதம் இல்லை.) வெய்வர் ஆளுக்கு 8-ஆம் சுற்று என்று வையுங்கள். கண்டுபிடித்தவருக்குப் பலன் இருக்கும், கொள்ளை இருக்காது.

இனி நான் சொல்லப்போவதை விதியில் தடித்த எழுத்தில் போடுங்கள். கழற்றிவிட்டுத் திரும்ப எடுக்கும் தந்திரம் இது. வெய்வர் விலை 8-ஆம் சுற்று என்று மட்டும் எழுதி வைத்தீர்கள் என்றால், இந்த ஓட்டை வழியாக யானையே போகும்.

2023-இல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுபவர்) நிக் சப், முதல் சுற்று விலை ஆள். செப்டம்பர் 18, திங்கள் இரவு, பிட்ஸ்பர்க்கில் முழங்கால் போயிற்று, சீசன் முடிந்தது. அவரை வைத்திருந்தவர் கழற்றிவிட்டிருந்தால் அதில் தப்பில்லை. டிசம்பரில் அணியில் இடம் காலியாக உள்ள ஒருவர் அவரை வெய்வரில் எடுத்துப் போட்டு, "இவர் வெய்வர் ஆள், 8-ஆம் சுற்றுக்கு வைத்துக்கொள்கிறேன்" என்றால் என்ன சொல்வீர்கள்? முதல் சுற்று ஆளை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி அங்கேயே செத்துவிடும். சப் அடுத்த வருடமும் பெரிதாக எழவில்லை. ஆனால் இன்னொருவர் எழுவார். இதைவிட மோசமாக, இரண்டு நண்பர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒருவர் தன் நட்சத்திரத்தைக் கழற்றிவிட, மற்றவர் எடுத்து, இரண்டு வாரம் கழித்து டிரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதில்) திருப்பித் தருவதும் நடக்கும். கறுப்பு விலை வெள்ளையாகிவிடும்.

அதனால் இப்படி எழுதுங்கள்: "டிராஃப்டில் எடுக்கப்பட்ட வீரரின் சுற்று அந்த சீசன் முழுக்க அவரோடு இருக்கும். யார் கழற்றிவிட்டாலும், யார் எடுத்தாலும், எத்தனை டிரேட் ஆனாலும் மாறாது." முதல் ஆட்டத்துக்கு முன்பே கழற்றிவிட்டாலும் இதேதான். கீப்பராக ஒரு வருடம் இருந்தவரைக் கழற்றிவிட்டால் அந்த வருடக் கணக்கும் அழியாது. செயலி இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று மட்டும் நம்பாதீர்கள். விளம்பரத்துக்கும் பந்தய நிறுவனங்களின் பேனருக்கும் திரை முழுக்க இடம் இருக்கும். வீரரின் பழைய சுற்றைக் காட்ட ஒரு கட்டம் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். டிராஃப்ட் முடிந்த இரவே முழுப் பட்டியலையும் ஒரு ஷீட்டில் ஏற்றி, 12 பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.

டிரேட் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. ஒவ்வொரு டிரேடையும் லீக்கே ஓட்டுப் போட்டு ரத்து செய்யலாம் என்ற அமைப்பை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. எதிராளி பலமாகிவிடுவாரே என்ற பொறாமையில்தான் பாதிப் பேர் எதிர்த்துப் போடுகிறார்கள். அதை அணைத்துவிடுங்கள். கீப்பர் லீக்கில், பிளேஆஃப் வாய்ப்பை இழந்துவிட்ட அணி நவம்பரில் தன் மூத்த நட்சத்திரத்தைக் கொடுத்து, கீப்பர் விலை மலிவான இளைஞர் ஒருவரை வாங்கும். பார்க்க அநியாயமாக இருக்கும். ஆனால் ஆட்டத்தின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது. நீங்கள் தடுக்க வேண்டியது இரவல் மட்டும்: "இப்போது கொடு, சீசன் முடிந்ததும் திருப்பித் தருகிறேன்". அடுத்த வருட டிராஃப்ட் சுற்றை விற்கிறவர் அடுத்த வருடக் கட்டணத்தையும் அன்றே கட்ட வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் அடகு வைத்துவிட்டு வேலை மாறிப் போய்விடுவார். அந்த மொட்டை அணியை எடுக்க ஆள் தேடி அலைவது நீங்கள்தான்.

இப்போது அந்த 10 சதவீத மனிதர். ஊரில் சீட்டுப் பிடித்துவிட்டு ஓடியவர்கள் கதை உங்களுக்குத் தெரியாததா? லீக்கில் ஆடாதவர் கையில் லீக் பணம் போகவே கூடாது. "எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் செய்யப்போவது, செயலியில் நான்கு பொத்தான்களை அழுத்துவதுதான். பணத்தைக் கமிஷனரான நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டாம்; உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்து, ரசீதைக் குழுவில் போடச் சொல்லுங்கள். அல்லது பெரும்பான்மை ஒப்புதல் இருந்தால்தான் பணத்தை விடுவிக்கும் சேவை ஒன்றில் போடுங்கள். இதே வகையில் இன்னொரு கூட்டம், காசு வாங்கிக்கொண்டு "உங்கள் கீப்பரை நாங்கள் தேர்ந்தெடுத்துத் தருகிறோம்" என்பவர்கள். உங்கள் லீக்கில் 7-ஆம் சுற்று விலையா, 12-ஆம் சுற்று விலையா என்றுகூடக் கேட்காமல் பட்டியல் அனுப்புவார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பிரியாணி சாப்பிடலாம்.

கீப்பர் பெயர்களைக் கொடுக்கக் கடைசி நாள், டிராஃப்டுக்கு மூன்று நாள் முன்பு. அதற்கு முன்னால் வேண்டாம். 2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை இரவு, இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கீப்பரைப் பூட்டிய லீக்குகளில் அவரை வைத்தவர்கள் கையில் ஒன்றுமில்லை. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதியில் டிராஃப்ட் வைத்தால் சரியாக இருக்கும். சீசன் அதற்கடுத்த வாரம்தான் தொடங்குகிறது.

கடைசி இடம் பிடித்தவருக்கு அடுத்த வருடம் முதல் தேர்வு என்று வைக்காதீர்கள், வேண்டுமென்றே தோற்பார்கள். பிளேஆஃபுக்குள் வராதவர்களில் அதிக பாயின்ட் எடுத்தவருக்குக் கொடுங்கள்.

இறுதி ஆட்டம் 17-ஆம் வாரத்தில் முடியட்டும். 18-ஆம் வாரம் பல அணிகள் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும். ஆட்டமே ரத்தானால் என்ன என்றும் ஒரு வரி எழுதுங்கள். 2023 ஜனவரி 2-ஆம் தேதி சின்சினாட்டியில் பஃபலோ வீரர் டமார் ஹேம்லின் மைதானத்தில் சரிந்து விழ, பஃபலோ–சின்சினாட்டி ஆட்டம் நின்று, பிறகு ரத்தானது. அது 17-ஆம் வாரம்; ஏராளமான ஃபேன்டசி லீக்குகளின் இறுதிப் போட்டி அந்த ஒரு ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பரிசைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்பது என் யோசனை. வேறு எது என்றாலும் சரி, முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும்.

இதையெல்லாம் ஜூலைக்குள் அனுப்பிவிடுங்கள். ஆகஸ்டில் பாதிப் பேர் ஊருக்குப் போய்வந்த ஜெட்லேக்கில் இருப்பார்கள். படிக்காமலே சரி என்று போட்டுவிட்டு, அக்டோபரில் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.