மதிலுக்கு வெளியே, வாசலுக்கு அருகே

கேள்வி: பண்டைய கிரேக்க நகரங்களில் இடுகாடு ஊருக்கு வெளியேதான் இருந்தது என்று படித்தேன். ஆனால் ஏதென்ஸின் அகோரா சதுக்கத்திலேயே கல்லறைகள் கிடைத்திருக்கின்றனவே?

பதில்: இரண்டும் சரி, காலம்தான் வேறு. அகோரா பொதுச் சதுக்கமாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே அங்கே இறந்தவர்களைப் புதைத்துவந்தார்கள். கி.மு. 700ஐ ஒட்டி அது பெரும்பாலும் நின்று, நகரத்தின் வடமேற்கிலுள்ள கெராமெய்க்கோஸ் போன்ற இடுகாடுகள் முதன்மை பெற்றன.

‘வெளியே’ என்றதும் ஒதுக்குப்புறம் என்று எண்ணிவிட வேண்டாம். கெராமெய்க்கோஸ், நகர மதிலின் திபிலோன் வாசலை ஒட்டியே இருக்கிறது. ஊருக்குள் வருகிற, போகிற எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காகவே வசதியான குடும்பங்கள் சாலையோரம் கற்சுவர் எழுப்பி, அதன் மேல் கல்லறைக் கற்களைச் சாலையைப் பார்த்து நிறுத்தின. கி.மு. 394இல் போரில் இறந்த இளம் குதிரைவீரன் தெக்சிலெயோஸின் புடைப்புச் சிற்பம் அப்படி நின்றதுதான். இந்தப் போட்டி முற்றியதால், கி.மு. 317 முதல் 307 வரை ஏதென்ஸை ஆண்ட ஃபலேரோன் ஊர் தெமேத்ரியோஸ், கல்லறைத் தூண் மூன்று முழத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே போட்டார்.

விலக்குகளும் உண்டு. கி.மு. 422இல் இறந்த ஸ்பார்ட்டா தளபதி பிராசிதாஸை வடக்கு கிரேக்கத்தின் அம்ஃபிபோலிஸ் நகர மக்கள் ஊருக்குள்ளேயே புதைத்து, நகரை நிறுவியவராகவே போற்றி வழிபட்டார்கள். ஸ்பார்ட்டாவிலோ ஊருக்குள் புதைக்கத் தடையே இல்லை என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

கேள்வி: அப்படியானால் கல்லறை கிடைக்கும் இடத்தை ஊரின் எல்லையாகக் கொள்ளலாமா?

பதில்: ஒரு கல்லறையை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறிவிடும். முதலில் உடன் வைத்த மட்கலங்களைக் கொண்டு அதன் காலத்தைக் கணிக்க வேண்டும். பிறகு, மதில் அதற்கு முந்தியதா பிந்தியதா என்று பார்க்க வேண்டும். தெற்கு இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய தராஸ் நகரில் மதிலுக்குள்ளேயே கல்லறைகள் நிறைந்திருந்தன. ஒரு தெய்வவாக்கின்படி அப்படிப் புதைத்தார்கள் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியோஸ் எழுதினார். மதிலை விரித்துக் கட்டியபோது பழைய இடுகாடு உள்ளே அகப்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

புதைக்கப்பட்டவரின் வயதும் முக்கியம். பச்சிளம் குழந்தைகளைப் பானையில் இட்டு வீட்டருகே புதைப்பதுண்டு. அந்தப் பானையைக் கண்டு அங்கே இடுகாடு இருந்ததென்று சொல்லிவிடக் கூடாது.

தனியாகக் கிடைக்கும் கல்லறைக்கல் இன்னும் ஏமாற்றும். படையெடுத்து வந்த பாரசீகர் போன பின் கி.மு. 479-478இல் அவசரமாக மதில் எழுப்பிய ஏதென்ஸ்காரர்கள், கல்லறைக் கற்களையும் பெயர்த்து அதில் வைத்துக் கட்டினார்கள். கல் கிடைத்த இடமும் அது முதலில் நின்ற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: இடுகாட்டையே இடம் மாற்றியதுண்டா?

பதில்: உண்டு. கி.மு. 426-425 குளிர்காலத்தில் அப்பல்லோவின் தீவான தேலோஸைத் தூய்மைப்படுத்த, ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகள் அனைத்தையும் அகற்றினார்கள். இனி அங்கே பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது என்று ஆணையிட்டார்கள். சாகும் நிலையில் இருந்தவர்களையும் பிள்ளை பெறவிருந்தவர்களையும் பக்கத்திலுள்ள ரெனேயா தீவுக்குப் படகில் கொண்டுபோக வேண்டியதாயிற்று.